மதிரான் வைனும் ஆட்டிறைச்சியும்

ஆட்டிறைச்சிக் கறிக்கு மிளகாய்த்தூள் கூடிப்போனால் வைன் வாயில் எரியும், ஐயா. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயமே இல்லை. கொக்குவிலில் சைவச் சாப்பாட்டோடு என்பாட்டில் கிடந்தவள் நான். பாரிஸில் முப்பது வருடம் உணவகக் குசினியில் நின்ற என் அண்ணை கனகசபாபதி திரும்பி வந்து என்னோடு இருக்கத் தொடங்கிய பிறகுதான் இதெல்லாம் படித்தேன்.

அவருக்கு மதிரான் என்ற பிரெஞ்சு ஊரின் சிவப்பு வைன்தான் வேண்டும். அங்கிருந்து வருகிற சொந்தக்காரர் ஒவ்வொருவரும் பெட்டியில் இரண்டு மூன்று போத்தல் கொண்டுவருவார்கள். சிவப்பென்று பெயர்தான், பார்வைக்குக் கறுப்பு. நாவற்பழ வாசம், கொஞ்சம் புகை, பிறகு பச்சைப் பாக்கைக் கடித்ததுபோல் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. கொழுப்புள்ள இறைச்சி சேர்ந்தால் அந்தத் துவர்ப்பு அடங்கும். மீனோடு குடித்தால் இரும்பை நக்கியதுபோல் இருக்குமாம். அதனால் அவர் வந்த புதிதில் வாங்கிய மீன் நின்றது, தூள் பாதியானது, கிழமைக்கு நாலு நாள் ஆடு. ஐந்து வருடம்.

"பாலேஸ், உன்ரை தூள் இந்த வைனைக் கொல்லுது" என்று கோப்பையைத் தள்ளிவிடுவார். நான் திரும்பவும் அடுப்பை மூட்டுவேன். எனக்கு அறுபத்திரண்டு வயது, முழங்கால் இரண்டும் வீக்கம். படுத்து எழும்பினால் போகிற களைப்பில்லை அது.

கந்தசஷ்டி ஆறாம் நாளும் இறைச்சி காய்ச்சச் சொன்னார். ஐந்து நாளாகப் பச்சைத்தண்ணீரோடு இருந்தேன். என்ன செய்ய, காய்ச்சினேன். அகப்பையை என் வாய்க்கு நேரே நீட்டினார்.

"உப்புப் பார்."

"அண்ணை, நான் விரதமெல்லே."

"உன்ரை முருகன் ஒண்டும் சொல்லமாட்டான். பார்."

பார்த்தேன். உப்புச் சரியாக இருந்தது.

அவரை மோசமான மனிதர் என்று வாக்குமூலத்தில் எழுதவேண்டாம். எதையும் பொறுமையாக விளக்குவார். கொழுப்பிறைச்சியோடு குடித்தால் இந்த வைன் எந்தக் கசப்பையும் மூடிவிடும் என்று சொல்லித் தந்ததும் அவர்தான். அடுத்த கிழமை போத்தலில் நான் எதைக் கலந்தேன் என்பதை நீங்கள் ஏற்கனவே எழுதிவிட்டீர்கள். அன்று அவர் கறியில் ஒரு குறையும் சொல்லவில்லை. விடிவதற்குள் முடிந்தது. ஏற்கனவே இருதய நோய்க்காரர் என்பதால் ஒருவரும் துருவிக் கேட்கவில்லை.

மிச்சத்தை வெளியே ஊற்றியிருக்கலாம். வீடு நிறையச் சனம். அரிசி வாளிக்குள் போத்தலை ஒளித்துவிட்டு, நாளைக்கு, நாளைக்கு என்றே நாள் போய்விட்டது. எட்டாம் நாள் எட்டுச்செலவு. செத்தவர் ஆசைப்பட்டுச் சாப்பிட்டதெல்லாம் சமைத்துப் படைக்க வேண்டும். குடித்தவரென்றால் குடியும் வைக்க வேண்டும். படைத்த பிறகு வீட்டு ஆண்கள் அதை எடுத்துக் குடிப்பார்கள். அரிசி எடுக்கப் போன என் தம்பி நமசிவாயம் அந்தப் போத்தலோடு வந்தான்.

"அக்கா, அண்ணைக்குப் படைக்கவெண்டே எடுத்து வைச்சனீ?" என்றான். கண் கலங்கியிருந்தது. இந்த ஐந்து வருடத்தில் "சாப்பிட்டனியோ அக்கா" என்று என்னைக் கேட்டவன் அவன் ஒருவன்தான்.

தட்டிவிட்டிருக்கலாமே என்கிறீர்கள். நானும் நினைத்தேன். படையலைத் தட்டினால் ஏன் என்று கேட்பார்கள், சொல்ல வேண்டிவரும். செத்த மனிதரின் மரியாதை என்று ஒன்று இருக்கிறது. அதோடு, அவ்வளவு கதைக்க எனக்குத் தெம்பும் இல்லை. மற்ற ஆண்கள் சாராயப் பக்கம் போய்விட்டார்கள். தம்பி மட்டும் ஒரு கிளாஸ் வைன் ஊற்றிக்கொண்டு இலைக்கு முன்னால் வந்து இருந்தான்.

ஒரு வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்தான்.

"என்னக்கா, இப்பிடிக் கசக்குது? எனக்கு வேண்டாம்."

கிளாஸைக் கீழே வைக்கப் போனான். வைத்திருப்பான், ஐயா.

"இறைச்சியோடை குடி, கசப்புத் தெரியாது" என்றேன். நல்ல கொழுப்புத் துண்டாகப் பார்த்து, நானே அவன் இலையில் வைத்தேன்.