இருபத்தாறாவது பேர்

சைரன். ஓடுகிறோம்.

வியாழக்கிழமை. மாலை ஐந்து நாற்பது. நிலவறைக்கு முப்பத்தெட்டுப் படி. என் தோளில் ஒரு முதியவர். எடை தெரியவில்லை. பயத்தில் எதுவுமே தெரியவில்லை. தூரத்தில் ஒரு 'தும்'. அடுத்தது பக்கத்தில். ஜன்னல் கண்ணாடிகள் கொட்டும் சத்தம்.

"கீழ போ புள்ள! நிக்காத! இதோ வந்தர்றேன்!"

கத்திக்கொண்டே ஸ்டெல்லா மேலே திரும்பி ஓடுகிறாள்.

நான் நாகலூர்க்காரி. அவள் கொட்டச்சேடு. இரண்டும் காப்பி எஸ்டேட் ஊர்கள். இருவரும் வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தோம். நாட்டின் பேரைச் சொல்ல மாட்டேன். நம் பெண்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

குண்டு விழுந்த முதல் நாள் எனக்குச் செபம் வரவில்லை. சிறு வயதிலிருந்து மாதாவிடம் சொல்லும் அருள் நிறை மந்திரம் பாதியில் நின்றுவிட்டது. பல் கிட்டித்துக்கொண்டது. ஸ்டெல்லாதான் வழி சொன்னாள்.

"பேர மட்டும் சொல்லு புள்ள. மிச்சம் ஆண்டவருக்குத் தெரியும்."

எஸ்டேட்டில் காலையில் வருகை எழுதும் ரைட்டர் பேர் கூப்பிடுவாரே, அப்படிக் கூப்பிட்டாள். என் பேர். அவள் பேர். "இருக்கேனுங்க" என்றோம். இரண்டே குரல். எங்கள் விசுவாசம் அன்று அவ்வளவுதான்.

மறுநாள் சமையல்காரம்மா சேர்ந்துகொண்டார். பிறகு கதவுக் காவலர். பிறகு முதியவர்கள் ஒவ்வொருவராக. மூன்றாம் வாரம் இருபத்தாறு பேர். தமிழே தெரியாதவர்கள் "இருக்கேனுங்க" என்று இழுத்துச் சொல்வார்கள். சிரிப்பு வரும். கூடவே அழுகையும் வரும். காவலர் விரல்விட்டு எண்ணுவார். இருபத்தாறு குரல் கேட்டால் இரும்புக் கதவைத் தாழிடுவார்.

என் தோளில் இருந்த முதியவருக்குக் காது கேட்காது. கருவி மாட்டினால் கேட்கும். அன்று அவசரத்தில் அது கட்டிலிலேயே கிடந்துவிட்டது. தன் பேரைக் கூப்பிட்டால் தனக்குக் கேட்காதே என்று காதைத் தொட்டுத் தொட்டு அழுதார். அதை எடுக்கத்தான் ஸ்டெல்லா போனாள்.

அதனால் அன்று அவளுக்குப் பதிலாக நான் பேர் கூப்பிட்டேன். முதியவரின் முறை வந்தபோது தோளில் தட்டினேன். அவரும் சொன்னார். கடைசிப் பேர் ஸ்டெல்லா. பதில் இல்லை.

எஸ்டேட்டில் ஒருத்தி வரத் தாமதமானால் பக்கத்தில் நிற்பவள் அவளுக்காகக் குரல் கொடுப்பாள். ரைட்டர் ஆப்சென்ட் போட்டுவிடக் கூடாது. நானே எத்தனையோ தடவை கொடுத்திருக்கிறேன். பழக்க தோஷம். அந்த மௌனத்தைத் தாங்க முடியாத பயமும்தான்.

"இருக்கேனுங்க" என்றேன். அவளுக்காக.

இருபத்தாறு. தாழ் விழுந்தது. திறக்கச் சொல்ல வாயெடுத்தேன். ஐந்து நாற்பத்து நான்கு. இடி. விளக்கு அணைந்தது.

கதவுக்கு வெளியே, நாலாம் படியில் ஸ்டெல்லா செத்துக் கிடந்தாள். கருவி கைக்குள் இருந்தது. உடையவில்லை. கதவு திறந்திருந்தால் எல்லோரும் செத்திருப்போம் என்றார் காவலர். இருக்கலாம். தாழ் போட வைத்தது என் குரல்.

ஊர் திரும்பினேன். செபிக்கவில்லை. காட்டெருமையை விரட்ட வெடி போட்டால் காப்பிச் செடிக்கு அடியில் போய்ப் படுத்துவிடுகிறேன். நேற்றும் படுத்தேன்.

ஆனால் இங்கே பேர் கூப்பிடுவது நிற்கவேயில்லை. அங்கிருந்து நான் போனில் சொன்ன பேர்களை அம்மா தினமும் எஸ்டேட்டில் சொல்லிவந்திருக்கிறார், ரைட்டர் முடித்த கையோடு. மாரியம்மனுக்கு விளக்குப் போடும் பெண்கள் நாற்பது பேர், வாயில் நுழையாத அந்தப் பேர்களுக்கெல்லாம் "இருக்காங்க" என்கிறார்கள். நான் வந்தபின் ஸ்டெல்லாவின் பேரை மட்டும் அம்மா விட்டுவிட்டார். என் முகத்தைப் பார்த்துத்தான்.

போன ஞாயிறு கொட்டச்சேட்டுக்குப் பஸ் ஏறினேன். ஸ்டெல்லாவின் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் குரல் கொடுத்ததையும் சொன்னேன். அடிப்பார் என்று பயந்தேன். அடிக்கவில்லை. இன்று காலை அவரே நாகலூர் வந்து வரிசையில் நின்றார்.

"எம்புள்ள பேரயும் சேத்துக் கூப்புடு கண்ணு. நா பக்கத்துல நிக்கறேன்." பெண்கள் பக்கம் திரும்பினார். "அவ பேருக்கு ஆரும் பதில் சொல்ல வேண்டாங்க."

கூப்பிட்டேன். அம்மாவுக்குப் பதிலாக நான். இருபத்தைந்து பேருக்கும் பதில் வந்தது. பிறகு அவள் பேர். யாரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

கூப்பிட்டது இருபத்தாறு. இருப்பது இருபத்தைந்து. இல்லாதவள் ஸ்டெல்லா, கொட்டச்சேடு.