அளந்து போட்ட கொழுப்பு

இல்லக்கா, நின்னுக்கிட்டே சொல்லிடறேன். உக்காந்தா பேச்சு வேற எங்கயாவது போயிடும், என்னைப் பத்தி எனக்குத் தெரியும். காபியா? சரி, குடுங்க. சக்கரை வேணாம். சக்கரைங்கற வார்த்தையே எங்க வீட்ல இப்ப கெட்ட வார்த்தை.

சிரிக்காதீங்க. உங்க வீட்டு மாமா ரொட்டியில வெண்ணெய் தடவுனப்ப, விஷத்தைத் தடவித் திங்கறீங்களேன்னு கேட்டவன்தானே நான்? என் ஜிம் சுவத்துல ஆளுயரத்துக்கு எழுதி வச்சிருந்தேன், கொழுப்பே எதிரின்னு. பதினோரு வருஷம் அந்தச் சுவத்துக்குக் கீழ நின்னு, அடுத்தவன் தொப்பையைத் திட்டியே சோறு தின்னேன்.

அப்புறம் பாப்பாவுக்கு வலிப்பு வந்துச்சு. ஒரு நாளைக்குப் பத்து, பதினஞ்சு தடவை. மூணு மருந்து மாத்தியும் அடங்கல. டாக்டரம்மா நிதானமா சொல்றாங்க, இனிமே பாப்பா சாப்பாட்டுல பெரும்பகுதி கொழுப்புதான்னு. யார்கிட்ட பேசறீங்கன்னு தெரியுதா மேடம்னேன். அவங்க என் புஜத்தை ஒரு பார்வை பாத்தாங்க. சார், மூளையில தண்ணிய எடுத்துட்டா மிச்சத்துல பாதிக்கு மேல கொழுப்புதான், உங்களுக்கும் சேத்துதான் சொல்றேன்னாங்க. ரொம்ப நாள் கழிச்சு அன்னிக்குத்தான் என் வீட்டுக்காரி சிரிச்சா. இவருக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு கல்யாணமான மறுநாளே கண்டுபிடிச்சிட்டேன் டாக்டர்ங்கறா.

எல்லாப் பிள்ளைக்கும் இது இல்லக்கா. மருந்துக்கு அடங்காத பிள்ளைக்கு, டாக்டர் மேற்பார்வையில. அரிசி, கோதுமை, சக்கரை எல்லாத்தையும் நிறுத்திட்டு கொழுப்பைப் போட்டா, மூளை வேற விறகுல எரியுமாம். சில பிள்ளைங்களுக்கு அதுல வலிப்பு அடங்குமாம்.

அன்னிலேர்ந்து சமையல்கட்டுல தராசு. தங்கம் நிறுக்கற மாதிரி வெண்ணெய் நிறுக்கறோம். கிண்ணத்துல ஒட்டுன எண்ணெயைக்கூட வழிச்சுக் குடுக்கணும், அதுவும் கணக்குல சேத்தி. முதல் வாரம் எல்லாத்தையும் என் மூஞ்சியிலதான் துப்புனா. நூறு கிலோ தூக்கறவன்க்கா நான், ஆறு வயசுப் பிள்ளை வாயில ஒரு ஸ்பூன் வைக்க முடியல.

ஆனா அந்தச் சாப்பாட்டுக்கு வலிப்பு கேட்டுச்சு. மூணாவது மாசம் வலிப்பு நின்னுச்சு. தொண்ணூத்தி நாலு நாள் ஒண்ணுகூட வரல. வகுப்புல கண்ணு சொருகாம உக்காந்தா. அவ பேரை அவளே எழுதினா, ஒரு எழுத்து தலைகீழா. நான் போய் ஜிம் சுவத்துக்கு வெள்ளையடிச்சேன்.

ஆமா, போன மாசம் மறுபடி வந்துச்சு. உங்களுக்குத் தெரியாதா, சத்தம் கேட்டு மொதல்ல ஓடி வந்து அவளை ஒருக்களிச்சுப் படுக்க வச்சதே நீங்கதானே. அதுக்கு மறுநாள்லேர்ந்து என் வீட்டுக்காரி உங்ககிட்ட மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. பாப்பாவை இந்தப் பக்கம் விடறதில்ல. என்ன தப்பு பண்ணேன்னு ரெண்டு தடவை கதவைத் தட்டிக் கேட்டீங்க. நான் பாத்ரூம்ல இருந்தேன். குளிக்கல, சும்மா நின்னேன்.

விஷயம் என்னன்னா, பாப்பா தலையணைக்கு அடியில பிஸ்கட் தூள் கிடந்துச்சு. யார் குடுத்தாங்கன்னு இவ கேட்டா. பாப்பா வாயைத் திறக்கல. எதுத்த வீட்டு அக்காவா இருக்கும், பாசத்துல குடுத்திருப்பாங்கன்னு நான்தான் எடுத்துக் குடுத்தேன்.

பிஸ்கட் குடுத்தது நான்க்கா. அன்னிக்குக் கிண்ணத்தை வழிச்சு நக்கிட்டு, அப்பா, பிஸ்கட் எப்படி இருக்கும், மறந்துபோச்சுன்னா. ஒண்ணே ஒண்ணு குடுத்தேன். இல்ல, நாலு. நாலு குடுத்தேன். அதனாலதான் வலிப்புன்னு டாக்டரம்மா அடிச்சுச் சொல்லல, காய்ச்சலும் இருந்துச்சுங்கறாங்க. அது எப்படியோ போகட்டும். பிள்ளை இன்னிக்கு வரைக்கும் என்னைக் காட்டிக் குடுக்கல. நான் உங்களைக் காட்டிக் குடுத்துட்டேன்.

வீட்டுக்காரிகிட்ட இப்பத்தான் சொன்னேன். திட்டல. அடுப்பை அணைச்சா, முகத்தைக் கழுவுனா. உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வந்துக்கிட்டிருக்கா. அவ கேக்க வேண்டியதில்லக்கா.