கல்தொட்டியின் பெயரைப் பதிவேட்டில் எழுதியவருக்கு

விடியுமுன்பே மாட்டுத்தொழுவச் சுவரில் கண்ணாடிக் குழாயை வைத்துக் கொசுவை உயிரோடு பிடித்தவரே! பிடித்தது இன்ன வகை என்று தெரியும்வரை காப்பியைத் தொடாதவரே! நகரி மலேரியாப் பிரிவின் பூச்சி சேகரிப்பாளர் ஜெயபிரகாஷ் அவர்களே! முப்பத்தோராண்டுப் பணி முடித்து விடைபெறும் உங்களுக்கு, உடன் உழைத்தோரின் வணக்கம்.

1991இல் நீங்கள் வந்தபோது விஜயபுரத்துக் கிணறுகளிலும் ஓடைகளிலும் பதினான்கு வகைக் கொசுக்களைக் கண்டு எழுதினீர்கள். பிறகு ஆழ்துளைக் கிணறுகள் வந்தன, ஓடை வற்றியது. மாடுகள் குறைந்து டிராக்டர்கள் பெருகின. சென்னைக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போனவர்களின் பூட்டிய வீடுகளில் பிளாஸ்டிக் டிரம்கள் மழைநீரை ஏந்தி நின்றன. உங்கள் ஏட்டில் வகைகள் ஆறாகச் சுருங்கின. எண்ணிக்கையோ ஏறிக்கொண்டே போனது. "ஓடைக் கொசுல்லாம் எங்கய்யா போச்சு?" என்று நாங்கள் கேலி செய்தால், "அதுவும் பெங்களூருக்குப் போயிருக்கும், தேடிக்கினு கீறேன்" என்பீர்கள். உண்மையாகவே தேடினீர்கள்.

அந்தத் தேடல்தான் 2003இல் உங்களை அன்றைய மேற்பார்வையாளர் தணிகாசலத்தின் வாசலில் நிறுத்தியது. வழிப்போக்கருக்கும் மாடுகளுக்கும் மூன்று தலைமுறையாகத் தண்ணீர் வைத்த கல்தொட்டியால்தான் அவர் வீட்டுக்கே 'கல்தொட்டி வீடு' என்று பெயர். அது வெறுமையாகக் கிடந்தால் குடும்பத்துக்கு இழுக்கு. ஆகவே குறையக் குறைய நிரப்புவார்கள்; ஒருநாளும் வடித்துக் கழுவ மாட்டார்கள். குடிக்க மாடுகள் வருவது நின்றது. நிரப்புவது மட்டும் நிற்கவில்லை. தெருவில் நான்கு பேர் டெங்குக் காய்ச்சலில் கிடக்க, எல்லோரும் சாக்கடையைக் கிளற, நீங்கள் கொசுப்புழு அள்ளும் கரண்டியைத் தொட்டியில் விட்டீர்கள். புழுக்கள் நெளிந்தன.

"ஊருக்கே தண்ணி குடுத்த தொட்டிய்யா இது! இதுல புழுன்னு எழுதுவியா?" என்று தணிகாசலம் சீறினார்.

"புழுவை நான் வளக்கல சார். நீங்கதான் வளத்துக்கினு கீறீங்க."

"தெருப்பேரு மட்டும் போடு. வூட்டுப்பேரு வேணாம்."

"வூட்டை வுட்டுட்டா, இந்தக் கொசு எதுல பொறந்துச்சின்னு நாளைக்கு யாருக்கு சார் தெரியும்?"

அவர் கையெழுத்தில்லாமல் அறிக்கைத் தாள் சித்தூர் மாவட்ட அலுவலகத்துக்குப் போகாது. போனால் மாவட்டக் கூட்டத்தில் வீட்டுப்பெயரை உரக்க வாசிப்பார்கள். இரண்டு நாள் அது அவருடைய மேசை இழுப்பறையில் கிடந்தது. மூன்றாம் நாள் காலை, வலைத்துணி கட்டிய பாட்டில் ஒன்றை அவர்முன் வைத்தீர்கள். அந்தப் புழுக்கள் கொசுக்களாகியிருந்தன: கறுத்த கால்களில் வெள்ளை வளையங்கள். பகலில் கடிக்கும் இந்த வகை, உங்கள் ஏட்டில் அந்தத் தெருவுக்குப் புதியது.

முறைத்தபடி இருந்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது முட்டையிலேர்ந்து இப்படியாக எத்தினி நாளு ஆவும்?"

"எட்டு, பத்து நாளு சார். வாரம் ஒருநாள் தேய்ச்சிக் கழுவிக் காய வெச்சா, ஆவாது."

கையெழுத்து விழுந்தது. அன்று மாலை தெருவே பார்க்கத் தணிகாசலம் தம் கையால் தொட்டியை வடித்துத் தேய்த்தார். இன்றும் வெள்ளிதோறும் அது வெறுமையாகவே வெயிலில் கிடக்கிறது.

ஐயா, இனி உங்கள் காலைகள் சொந்தக் கட்டிலிலேயே விடியட்டும்! துணைவியார் காஞ்சனாவுடன் நோயின்றி நெடுநாள் வாழ்க! பதிவேட்டை அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது ஒன்று மட்டும் சொல்லிக் கொடுங்கள்: 2003ஆம் ஆண்டுப் பக்கத்தில் உள்ள வீட்டுப்பெயரை, யார் வந்து கேட்டாலும் அழிக்கக் கூடாது.

இப்படிக்கு,
நகரி மலேரியாப் பிரிவு ஊழியர்கள்

எல்லோர் சார்பிலும் எழுதியவர்:
கல்தொட்டி வீட்டுத் தணிகாசலம்,
மேற்பார்வையாளர் (ஓய்வு)