கிளப்புச் சீட்டின் முதுகு

என் பெயர் சன்னாசி, தகப்பனார் வீராச்சாமி, வயது 67, கோலா பிலா பக்கம் புக்கிட் கெலாடி தோட்டம், பழைய லயம், 14ஆம் கதவு. எழுதப் படிக்கத் தெரியாது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்து ஓய்ந்தவன். இந்த லயத்து வீடு மகள் செல்லம்மா பெயரில் தோட்டம் கொடுத்தது. என் மேல் வழக்கு வந்தால் காலி செய்ய வேண்டும் என்று மானேஜர் சொல்லிவிட்டார்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு தோட்டத்துக் கிளப்பில் போக்கர் போட்டி நடக்கும். ஆளுக்கு ஐம்பது தீக்குச்சி, தீர்ந்தவர் எழுந்துவிட வேண்டும், கடைசி ஆளுக்குச் சைக்கிள். 1981இல் வந்த சீட்டையெல்லாம் ஆடி முதலில் எழுந்தவன் நான். 1982இல் சீட்டு சரியில்லை என்றால் கவிழ்த்து வைக்கப் பழகி, கடைசி நாலு பேரில் ஒருவனாக வந்தேன். அதன் பிறகு கிளப்பில் சும்மா ஆடும்போதும் மற்றவர் கையில் உள்ள சீட்டின் முதுகைப் பார்க்கத் தொடங்கினேன். கிளப்பில் மூன்று வருடமாக அதே ஒரு சீட்டுக்கட்டுதான். நான் பால் வெட்டிய நிரையில் முந்நூற்று எண்பது மரம், பட்டையைப் பார்த்தே எது எந்த மரம் என்று சொல்வேன். சீட்டும் அப்படித்தான் தெரிந்தது.

30.10.1983 அன்று கடைசியில் நானும் தோட்டத்து ஆபீஸ் கிராணி இராஜமாணிக்கமும் மட்டும் இருந்தோம். அவர் குச்சி முழுவதையும் நடுவில் தள்ளினார். என்னிடம் மூன்று எட்டு இருந்ததால், ஜோடியை அது அடிக்கும் என்று நானும் தள்ளினேன். அதன் பிறகு சந்தோஷத்தில், “கிராணியாரே, அந்த ரெண்டு ராஜாவ நம்பியா தள்ளுனீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

“நான் இன்னும் சீட்டத் தொறக்கவே இல்லலா! ஒனக்கு எப்படிய்யா தெரியும், கெழவா?” என்றார். அதன் பிறகு நான் சீட்டில் குறி போட்டதாக அவர் போலீசில் புகார் கொடுத்தார்.

இன்று ஸ்டேஷனில் கார்ப்பரல் சந்திரன் ஐம்பத்திரண்டு சீட்டையும் கவிழ்த்துப் பரப்பி, நான் குறி போட்டதைக் காட்டச் சொன்னார். எல்லாவற்றுக்கும் பெயர் சொன்னேன். இஸ்பேட் ஆஸின் மூலை, 1981இல் கிராணியார் தோற்று மேசையில் அறைந்தபோது மடிந்தது. ஆடுதன் ஏழில் இருப்பது டிரைவர் ராமகிருஷ்ணன் கைக் கறி எண்ணெய். என் நகம் பட்டது கிளாவர் மூன்றில் மட்டும், அதுவும் தெரியாமல் பட்டது.

“இது கள்ளாட்டம் இல்லையா, தாத்தா?” என்று கார்ப்பரல் கேட்டார்.

“கண்ண மூடிக்கிட்டா ஆடச் சொல்றீங்க, தம்பி?” என்றேன். பார்த்தது குற்றமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. சைக்கிள் கிளப்பிலேயே நிற்கிறது.

மேற்கண்டவை எனக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டன. என் நகம் பட்டது கிளாவர் நாலு என்று எழுதியிருந்ததை, மூன்று என்று நான் சொல்லித் திருத்த வைத்தேன். மற்றவை நான் சொன்னபடியே உண்மையாக இருக்கின்றன.

சன்னாசி, இடது பெருவிரல் ரேகை.