சன்னல் இல்லாத அறையில் ஒரு நாற்காலி

விழாத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே! விண்ணை அளந்த வித்தகர்களே! வயதாலும் வரலாற்றாலும் மூத்த பெரியோர்களே! என்னோடு ஒரே குடியிருப்பில் துணி உலர்த்தி, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒவ்வொரு ராக்கெட் கிளம்பும்போதும் ஒரே மொட்டைமாடியில் நின்று வானம் பார்த்த தாய்மார்களே! வாசல் காக்கும் காவலர்களே! கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருக்கும் என் தங்கையே! அனைவருக்கும் என் வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். இந்த ஏவுதள மருத்துவமனையில் செவிலியாக இருந்தவள். உங்களில் பாதிப் பேருக்கு ஊசி போட்ட கை இது. சிரிக்கிறீர்கள்! ஊசியைக் கண்டதுமே மயங்கி விழுந்தவரும் இங்கே இருக்கிறார். யாரென்று சொல்ல மாட்டேன். சற்று முன் வரவேற்புரை ஆற்றியவரே அவர்.

இன்று இந்த மண்டபத்துக்கு என் கணவரின் பெயரைச் சூட்டியிருக்கிறீர்கள். வாசலில் பொன்னெழுத்தில் பொறித்திருக்கிறீர்கள். பார்த்தேன். ஆனால் ஐயா, அவர் உயிரோடு இருந்தவரை நீங்கள் அழைத்த பெயர் அது இல்லையே! "அதோ, பொத்தான் போகுது பாரு" என்றுதானே சொன்னீர்கள்? அந்தப் பெயரையே பொறித்திருக்கலாமே, எழுத்தும் குறைவு, செலவும் குறைவு! வேண்டாம், கை தட்டாதீர்கள். இது கை தட்டும் இடம் இல்லை.

வரலாறு பேசச் சொன்னார்கள், பேசுகிறேன். தகரக் கொட்டகையில் தொடங்கிய வரலாறு இது. மழை வந்தால் கருவிகளுக்குக் குடை பிடித்துவிட்டு மனிதர்கள் நனைந்தார்கள். முதல் ராக்கெட் மேலே போன தூரத்தைவிடப் பக்கவாட்டில் போன தூரம்தான் அதிகம். அடுத்தது எழவே இல்லை. "பட்டாசு நமத்துப்போச்சுடோய்!" என்று ஊரே சிரித்தது. சோர்ந்தார்களா? சுருண்டார்களா? இல்லை! விழுந்ததைப் பொறுக்கினார்கள், வெந்ததை ஆராய்ந்தார்கள், வேண்டிய மட்டும் சண்டை போட்டுக்கொண்டார்கள், விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்கள். பிறகு ஒருநாள் ஒரு சின்னஞ்சிறு செயற்கைக்கோள் மேலே நின்று நம்மோடு பேசியது. அதன் பிறகுதான் கடலுக்குப் போகிறவர்களுக்குப் புயல் வருவது முன்கூட்டியே தெரிந்தது. அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு.

ஆனால் இந்தப் புகழ்மிக்க வரலாற்றில் ஓர் அறை உண்டு. அதற்குச் சன்னல் கிடையாது. அங்கே ஒரு நாற்காலி, நாற்காலிக்கு முன் ஒரு திரை, திரைக்குக் கீழே ஒரு பொத்தான். ராக்கெட் பாதை தவறி ஊர்ப்பக்கம் திரும்பினால், அதை வானத்திலேயே சிதறடிக்கும் பொத்தான். அங்கே உட்காருகிறவர் ராக்கெட்டைப் பார்க்கவே கூடாது. திரையில் நகரும் புள்ளியையும், அது தாண்டக் கூடாத கோட்டையும் மட்டுமே பார்க்க வேண்டும். அழகைக் கண்டால் கை தயங்கும் என்று அப்படி ஓர் ஏற்பாடு.

ஊரே அண்ணாந்து பார்த்த ராக்கெட்டுகளில் ஒன்றைக்கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்த என் கணவர் கண்ணால் கண்டதில்லை! வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே கேட்பார்: "எப்படி இருந்துச்சு?"

"முதல்ல புகைதாங்க. அப்புறம் மாடிச் சுவரே அதிர்ந்துச்சு. பக்கத்து வீட்டுக் குழந்தை காதைப் பொத்திக்கிட்டு ஒரே சிரிப்பு."

"நெருப்பு என்ன நிறம்?"

"அதைப் பார்க்க விட்டாத்தானே! கண்ணு கூசுது."

சின்னப் பிள்ளை கதை கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருப்பார்.

பிறகு அந்தப் பெரிய ராக்கெட் வந்தது. உங்கள் இளமையைத் தின்று வளர்ந்த ராக்கெட் அது, நான் மறுக்கவில்லை. மாடியில் எல்லோரும் நின்றோம். எழுந்தது, எழிலாக எழுந்தது. பிறகு மெல்லச் சாய்ந்தது. துறைமுக நகரத்தின் பக்கம் சாய்ந்தது. அங்கே அன்று சந்தை கூடியிருந்தது. அடுத்த கணம் வானம் வெடித்தது. கடலெங்கும் நெருப்புக் கொட்டியது. என் பக்கத்தில் நின்ற ஒரு தாய் வாய்விட்டு அழுதாள். அந்த இன்ஜினைச் செய்தவன் அவள் மகன்.

அன்று அவர் வீட்டுக்கு வந்தார். வழக்கம்போலவே கேட்டார்: "எப்படி இருந்துச்சு?"

"சந்தையில யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்க" என்றேன்.

"அது எனக்குத் தெரியும். அது எப்படி இருந்துச்சுன்னு சொல்லு."

நான் சொல்லவில்லை. தாய்மார்களே, அன்று அவர் அழுததை நான் ஒருத்திதான் பார்த்தேன்.

விசாரணைக் குழு என்ன சொன்னது? பொத்தானை அழுத்திய அந்தக் கை செய்தது சரி என்றது. நீங்கள் என்ன சொன்னீர்கள்? "இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம், தானாத் திரும்பியிருக்கும்" என்றீர்கள். உணவகத்தில் அவர் தட்டை வைத்தால் மேசை காலியானது. கல்யாணப் பத்திரிகைகள் எங்கள் கதவை மட்டும் தாண்டிப் போயின. காப்பாற்றப்பட்ட நகரத்துக்கு அவரைத் தெரியாது. கூடவே உழைத்தவர்களுக்கு அவர் வேண்டாம். ஓய்வு பெற்றார், ஒடுங்கினார், ஒருநாள் சாய்வு நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்தார். தூக்க நாலு பேர் வந்தீர்கள். அதற்கு நன்றி.

இயக்குநர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன் ஐயா. இத்தனை ஆண்டு வாய் திறக்காதவள், கொஞ்சம் பொறுங்கள்.

எதிர்காலத்தைப் பற்றியும் பேசச் சொன்னார்கள். அடுத்த மாதம் நம் ராக்கெட்டில் முதன்முதலாக மனிதர்கள் போகிறார்கள். மூன்று பேர். பெருமைதான், பூரிப்புதான்! ஆனால் அன்றும் அந்த அறைக்குச் சன்னல் இருக்காது. பாதை தவறினால், மூவரும் இருக்கும் கூண்டைப் பிய்த்து அப்பால் எறிய ஒரு பொத்தான். பிறகு ராக்கெட்டைச் சிதறடிக்க இன்னொன்று. கூண்டு கழன்று போனதா என்று கண்ணால் பார்க்க வழியில்லை. நம்பித்தான் அழுத்த வேண்டும். அந்த நாற்காலியில் ஆள் இல்லாமல் ராக்கெட் கிளம்பவும் கிளம்பாது.

அங்கே உட்காரப்போகிறவள் போன வாரம் என் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, இப்பவே யாரும் என் பக்கத்துல உக்கார மாட்டேங்கறாங்க. நான் இன்னும் ஒண்ணுமே பண்ணலையே அக்கா! விலகிடலாம்னு இருக்கேன்."

'இரும்மா' என்று நான் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வேன்? தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அவள்தான் அதோ, கடைசி வரிசையில். திரும்பிப் பாருங்கள். மண்டபம் நிரம்பி வழிகிறது; சுவரோரமெல்லாம் ஆட்கள் நிற்கிறீர்கள்; ஆனால் அவளுக்கு இந்தப் பக்கமும் நாற்காலி காலி, அந்தப் பக்கமும் நாற்காலி காலி! நிற்கிறீர்களே, கால் வலிக்கவில்லையா?

திரையில் அந்தக் கோட்டை நோக்கிப் புள்ளி நகரும்போது, 'நாளை முதல் என்னோடு யார் சாப்பிடுவார்கள்' என்று அவள் ஒரு கணம் நினைத்தால் போதும். அந்த ஒரு கணம் தாமதித்தால் ஒரு நகரம் போய்விடும். அந்தத் தாமதம் யாருடையது? அவள் கையுடையதா? அல்லது மேசையை விட்டு எழுந்து போகும் உங்கள் கால்களுடையதா? நிலவுக்குப் பாதை போடும் அறிவாளிகளே, அந்த நாற்காலி வரைக்கும் நடக்க உங்களுக்கு வழி தெரியாதா?

வாசலில் உள்ள பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். இப்போது சொல்லவில்லை, இருக்கட்டும். தங்கையே, இருப்பதும் போவதும் உன் முடிவு. நீ இருந்தால், அன்று நான் மாடியில் நிற்பேன். மேலே போனாலும் சரி, சிதறிப் போனாலும் சரி, எப்படி இருந்தது என்று உன்னிடம் வந்து சொல்வேன். ஒன்றும் மறைக்காமல் சொல்வேன்.

மாலைக்கு நன்றி. மேடைக்கு நன்றி. கசந்தாலும் காது கொடுத்த உங்கள் அனைவருக்கும் வணக்கம். இந்த மேடையில் எனக்குப் போட்ட நாற்காலி எனக்கு வேண்டாம். கீழே போய் அவள் பக்கத்தில் உட்காருகிறேன். அவளுக்கு அந்தப் பக்கத்து நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.