ஒன்பது குடும்பமும் ஒலினா பிரெக்கும்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. அடுப்பு பக்கமா... ம். அந்த ஜன்னல் விளக்கு மட்டும் எரியட்டும். அத யாரும் அணைக்காதீங்க.

ராத்திரி பத்தடிக்கப் பத்து நிமிஷம். நவம்பர் மாசம். பதினோராம் நம்பர் சரளை ரோடு. ரெண்டு பக்கமும் அறுத்து முடிச்ச கோதுமை வயலு, மரம்னு சொல்ல ஒண்ணு கிடையாது. அந்த ரோட்டுல ஒரே ஒரு கார். உள்ள ஒரே ஒரு பொம்பள. தலையில சேவல் கொண்டை வச்சுத் தச்ச சிவப்புத் துணித் தொப்பி...

சிரிக்காதீங்க. அவங்க சிரிக்கல. பல்லக் கடிச்சுகிட்டு ஓட்டிட்டிருந்தாங்க. தொப்பி தலையில இருக்கிறதே மறந்துபோச்சு, அவ்வளவு கோவம்.

பேரு மாரிட் ஹாகன். என் சிநேகிதி வெர்னாவுக்கு அம்மா வழியில ஒண்ணுவிட்ட பெரியம்மா. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல கணக்கு சொல்லிக்கொடுத்தவங்க. கண்டதையும் நம்புற ஆளு இல்ல.

எதுக்கு அந்தக் கோவம்னு முதல்ல சொல்லிடறேன். எனக்கே இப்ப நினைச்சா வயிறு எரியுது.

அவங்க ஊர்ல ஒரு சேவை சங்கம். மாசத்துல ரெண்டு புதன்கிழமை, சர்ச்சுக்குக் கீழ இருக்கிற பெரிய அறையில கூடுவாங்க. மணி அடிச்சுத்தான் கூட்டம் ஆரம்பிக்கும். உருளைக்கிழங்கும் கறியும் போட்டு ஓவன் அடுப்புல வேகவச்ச சாப்பாடு, கழனித்தண்ணி மாதிரி ஒரு காப்பி. ஏழைப் பிள்ளைங்களுக்குக் கண்ணாடி வாங்கித் தர்றாங்க, கோட்டு வாங்கித் தர்றாங்க, அதெல்லாம் இல்லன்னு சொல்லல. லேட்டா வந்தவன், கூட்டத்துல போன் அலறவிட்டவன், பேப்பர்ல போட்டோ வந்தவன், எல்லாருக்கும் ஒரே தண்டனை. அந்தச் சேவல் தொப்பிய மாட்டிகிட்டு கூட்டம் முடியிற வரைக்கும் உக்காந்திருக்கணும். தமாஷு.

நவம்பர் மாசம் மட்டும் முன்னோர் மாசம். முதல் கூட்டத்துல யாராவது ஒருத்தர் ஊர் உண்டான கதைய எழுதி வந்து படிப்பாங்க. ரெண்டாவது கூட்டத்துல தலைவர் எழுந்து, முதல்முதலா வந்து நிலம் உழுத ஒன்பது குடும்பத்துப் பேரையும் கூப்பிடுவாரு. அந்த வம்சத்து ஆளு எழுந்து நின்னு "இருக்கோம்"னு சொல்லணும். வம்சம் அத்துப்போயி, எழுந்திருக்க யாரும் இல்லன்னா, தலைவர் மணிய ஒரு தடவ அடிப்பாரு. எல்லாரும் தலை குனிவாங்க.

அந்த ஒன்பது குடும்பத்துக்கு முன்னாடி அங்க ஆளே இல்லாத மாதிரிதான் கதை போகும். இருந்தாங்க. அந்தப் பூர்வகுடிங்களப் பத்தி அந்த அறையில ஒருத்தரும் பேசமாட்டாங்க. சரி, அது தனியா ஒரு ராத்திரிக்கு ஆகும்.

இந்த வருஷம் கதை எழுதற முறை மாரிட் பெரியம்மாவுக்கு. சங்கத்துச் செயலாளர் அவங்கதான். தலைவர் யாருன்னா, கூடப்பிறந்த தம்பி ஆர்லன். நிலம் பூரா அவன் பேர்ல. ஆம்பளப் பிள்ளைல்ல.

கதை எழுத வீட்டுப் பெட்டியக் குடைஞ்சப்போ கொள்ளுப்பாட்டி கூன்ஹில்டோட சமையல் நோட்டு கிடைச்சிருக்கு. ரொட்டிக்கு எவ்வளவு மாவு, எவ்வளவு உப்புன்னு எழுதின பக்கத்துல, ஓரமா, பொடி எழுத்துல நாலு வரி.

"பனிப்புயல். பிரெக் வீட்டம்மா குரல் கேக்குது. அவரு விளக்க ஊதி அணைச்சாரு. தொட்டியத் தட்டக்கூடாதுன்னாரு. விடிகாலை மூணு மணி வரைக்கும் குரல் கேட்டுச்சு."

உங்களுக்குத் தெரியும், அந்தக் காலத்துல புயல் வந்தா ஜன்னல்ல விளக்கு வைக்கணும். துணி துவைக்கிற தகரத் தொட்டிய எடுத்து வாசல்ல வச்சு விடிய விடியத் தட்டணும். கண்ணு தெரியாம அலையிறவங்க சத்தத்தப் புடிச்சு வந்து சேருவாங்க. பகையாளியா இருந்தாலும் தட்டணும். அதுல பேச்சே கிடையாது.

ஒலினா பிரெக் ஒரு விதவை. பொண்ணுக்கு ஏழு வயசு, பையனுக்கு நாலு. ஓடை ஓடுற நல்ல நிலம் அவங்களோடது. அஞ்சு வருஷம் குடியிருந்து உழுதாத்தான் நிலம் சொந்தம், அது சட்டம். அவங்க நாலரை வருஷம் முடிச்சிருந்தாங்க. அடுப்புல போட ஒண்ணும் இல்லாமப்போயி, புயல்ல ரெண்டையும் இழுத்துகிட்டு ஹாகன் வீட்டு விளக்கப் பார்த்து நடந்திருக்காங்க...

பனி உருகினப்புறம் கிடைச்சாங்க. ஹாகன் வாசல்ல இருந்து நாப்பது அடி.

அந்த வசந்தத்துலயே ஓடை நிலத்த கூன்ஹில்டோட புருஷன் ஹாகன் எழுதி வாங்கிட்டாரு. இன்னைக்கும் ஆர்லன் அதுலதான் உழுவுறான்.

மாரிட் பெரியம்மா அந்த நாலு வரியையும் கூட்டத்துல படிச்சாங்க. படிச்சுட்டு, "ஒன்பது இல்ல, பத்து. அடுத்த கூட்டத்துல பிரெக் பேரையும் கூப்பிடணும்"னாங்க. முள்கரண்டி தட்டுல உரசுற சத்தம் மட்டும்.

ஆர்லன் சிரிச்சான். "அக்கா, சாப்பிடற நேரத்துல பொணத்தத் தூக்கிட்டு வர்றியே. டுவேன், அந்தத் தொப்பிய எடுத்து அக்காவுக்குப் போடுடா."

டுவேன் ஃபிஸ்க்குன்னு ஒருத்தன், தொப்பி அவன் பொறுப்பு. கொண்டுவந்து மாட்டிட்டான். அறையே சிரிச்சுச்சு. "டீச்சருக்கு நல்லாத்தான் இருக்கு"ன்னு ஒரு குரல். மூணு பேரு செத்த கதைய சொன்னதுக்கு... சேவல் தொப்பி. நான் அந்த இடத்துல இருந்திருந்தா காப்பிக் கெட்டிலத் தூக்கி எறிஞ்சிருப்பேன். பெரியம்மா எறியல. நோட்ட மூடினாங்க, கோட்ட எடுத்தாங்க, வெளிய வந்துட்டாங்க. ஊருக்குள்ளயே அரை மணி நேரம் வண்டிய வச்சுகிட்டு சுத்திச் சுத்தி வந்தாங்களாம்.

அப்புறம்தான் அந்த ரோடு.

பத்தடிக்கப் பத்து நிமிஷம். பனி கொட்ட ஆரம்பிச்சுச்சு. முதல்ல பொடியா... அப்புறம் மொத்தமா. முன்னாடி ஒண்ணும் தெரியல. வானிலைச் செய்தியில ஒரு வார்த்தை சொல்லல.

தூரத்துல மஞ்சளா ஒரு புள்ளி. ஆர்லன் வீட்டு வாசல் விளக்கு, கொள்ளுப்பாட்டி இருந்த அதே பழைய ஹாகன் வீடு. அவன் முன்னாடியே வந்து சேர்ந்துட்டான். பெண்டாட்டி போயி ஆறு வருஷம், தனிக்கட்டை. பெரியம்மா வீட்டுக்கு இன்னும் மூணு மைலு. வேற வழியில்லாம அந்தப் பக்கம் திருப்பினாங்க. அவன் வாசல்ல போயி நிக்கவே உடம்பெல்லாம் கூசுச்சாம்.

வாசல் கேட் பக்கத்துல வந்ததும் இன்ஜின் நின்னுபோச்சு.

இறங்கினாங்க. விளக்கப் பார்த்து நாலு எட்டு வச்சிருப்பாங்க... டப். விளக்கு அணைஞ்சுது.

கரண்டு போகல. ஜன்னல் திரைக்குப் பின்னாடி ஆளு நகர்ந்தத பார்த்தாங்க. அக்கா கார் வருது, சண்டைக்கு வருதுன்னு விளக்க அணைச்சுட்டான். பின்னால அவனே ஒத்துகிட்டது இது.

கும்மிருட்டு. காத்து. அந்தக் காத்துல ஒரு வாசனை... மண்ணெண்ணெய் விளக்க ஊதி அணைச்சா திரியில இருந்து வருமே, அந்தப் புகை வாசனை.

இடது பக்கம் ஒரு குரல். "விளக்கு... யாராவது விளக்கு காட்டுங்க..."

பெரியம்மா திரும்பினாங்க. கை நீட்டினா தொடுற தூரம். சால்வை போத்தின ஒரு பொம்பள. இடுப்புல கயிறு. அந்தக் கயித்துல ஒரு பொண்ணு. பொண்ணுக்குப் பின்னாடி அதே கயித்துல ஒரு சின்னப் பையன். மூணு பேரும் பெரியம்மாவத் தாண்டிப் போனாங்க. இவங்கள பாக்கல. வீட்டச் சுத்திச் சுத்தி நடக்கிறாங்க, வீடு இருக்கிறது தெரியல.

பையன் தலையில ஒண்ணும் இல்ல. முடி பூரா பனிக்கட்டி.

அப்பதான் பெரியம்மாவுக்குத் தன் தலையில தொப்பி இருக்கிற ஞாபகம் வந்துச்சு. கழட்டி அவன் தலையில வச்சு அழுத்தினாங்க. விரல் பட்ட இடத்துல முடி நொறுங்குச்சு. மளுக்... மளுக்குன்னு.

பையன் நின்னான். கயிறு இழுத்துச்சு. போயிட்டான்.

பயமா இருந்துச்சான்னு வெர்னா கேட்டிருக்கா. "பயப்பட நேரமில்லடி, அவ்வளவு ஆத்திரமா இருந்துச்சு"ன்னாங்களாம். நூத்தி முப்பது வருஷமா அந்தப் பிள்ளைங்க நடக்குது, இந்தப் பய இன்னும் விளக்க அணைக்கிறான்.

தடவித் தடவி வாசலுக்கு வந்தாங்க. அங்க அந்தத் தொட்டி இருக்கு. கூன்ஹில்டோட அதே தொட்டி. கோடையில ஆர்லன் அதுல பூச்செடி வைப்பான், குளிருக்குக் கவுத்துப் போட்டிருப்பான். ஒரு விறகுக்கட்டைய எடுத்தாங்க. அடிச்சாங்க.

டங்... டங்... டங்...

தோள்பட்டை விட்டுப்போற மாதிரி அடிச்சாங்க. "இங்க வாங்க... இந்தப் பக்கம்"னு கத்தினாங்க.

காத்து சட்டுன்னு நின்னுச்சு.

வாசப்படியில காலடி. ஒண்ணு. அது பின்னாடி ரெண்டு, சின்னச் சின்னதா. பெரியம்மா முதுகுக்குப் பின்னாடி வந்து நின்னுச்சு. அவங்க திரும்பல.

கதவு திறந்துச்சு. ஆர்லன், பனியன் போட்டுகிட்டு. "அக்கா, உனக்கென்ன பைத்தியமா? காலையில பேசிக்கலாம், போ."

"விளக்கப் போடு, ஆர்லன்."

"முடியாதுன்னா..."

"விளக்கப் போட்டுட்டு வழி விடு."

அவன் பெரியம்மா தோளுக்கு மேல பார்த்தான். அப்புறம் கீழ பார்த்தான். கை தானா போயி விளக்கப் போட்டுச்சு. ஓரமா ஒதுங்கினான்.

பெரியம்மா பூட்ஸு மேல ஒரு ஈரக் கயிறு உரசிகிட்டுப் போச்சு. மெதுவா... உள்ள.

அவங்க உள்ள போகல. திரும்பி நடந்தாங்க. கார் ஒரே சாவியில கிளம்பிச்சு. வானத்துல நட்சத்திரம். ரோட்டுல ஒரு பொட்டு பனி இல்ல.

அதுக்கப்புறம் ரெண்டு வாரம் ஆர்லன் காப்பிக் கடைப் பக்கம் வரல. ராப்பகலா வீட்டுல எல்லா விளக்கும் எரியுதுன்னு ரோட்டுல போறவங்க சொன்னாங்க. மளிகைக் கடையில தினம் பாலு வாங்கினான். ஒரு நாளு சின்னப் பிள்ளைங்க போடுற கம்பளிக் கையுறை ரெண்டு ஜோடி. "என்னடா, ரகசியமா குடும்பம் கிடும்பம் வச்சிருக்கியா?"ன்னு டுவேன் கேட்டிருக்கான். ஆர்லன் அவனை நிமிர்ந்துகூடப் பாக்கலியாம்.

ரெண்டாவது கூட்டம் வந்துச்சு. எல்லாரும் அதே இடத்துல உக்காந்தாங்க. தொப்பியக் காணோம்னு டுவேன் பெட்டியெல்லாம் கிளறிட்டிருந்தான். ஆர்லன் தலைமை மேசைக்குப் பின்னாடி எழுந்து நின்னான். பத்து கிலோ இளைச்சிருப்பான்.

பேரு கூப்பிட்டான். எட்டுப் பேரு. எட்டுக்கும் ஆளு எழுந்து "இருக்கோம்"னு சொன்னாங்க.

ஒன்பதாவது. "ஹாகன்."

எப்பவும் பெரியம்மாதான் எழுந்திருப்பாங்க. அன்னைக்கு எழுந்திருக்கல. மடியில கைய வச்சுகிட்டு அவனையே பார்த்தாங்க. ஆர்லனும் பார்த்தான். வம்சத்துல மிச்சம் இவங்க ரெண்டு பேருதான்... அவன் "இருக்கோம்"னு சொல்லியிருக்கலாம். சொல்லல. மணியடிக்கிற கட்டைய எடுத்துத் தன் குடும்பத்துக்குத் தானே மணி அடிச்சான்.

ஒருத்தருக்கும் தலை குனியக்கூடத் தோணல.

"பிரெக்"னான்.

யாரும் எழுந்திருக்கல. எழுந்திருக்க யாரு இருக்கா. ஆர்லன் கட்டையக் கீழ வச்சுட்டான்.

"மணிய அடிடா ஆர்லன்"னு டுவேன் மெதுவா சொன்னான். "ஆளு இல்லன்னா அடிக்கணும்ல."

ஆர்லன் தன் பக்கத்துல, கீழ பார்த்தான். "ஆளு இருக்கும்போது எப்படிடா அடிக்கிறது?"

பெரியம்மா அவன் பார்த்த இடத்தப் பார்த்தாங்க. மேசை விரிப்பு ஓரத்துக்கு மேல, நாலு விரல் உசரத்துல... சிவப்பா, அந்தச் சேவல் கொண்டை. அதுல ஒட்டியிருந்த பனி இன்னும் உருகல.