நாலு பிரிட்ஜு நிக்கிற வூடு

அய்யய்யோ மேடம், அப்பிடி பாக்காதீங்க! நாலு பிரிட்ஜும் எங்களுதுன்னு நெனச்சி நிவாரண லிஸ்ட்டுலேர்ந்து துர்காதேவின்ற என் பேர அடிச்சிடாதீங்க. அந்தப் பச்சை ஒண்ணுதான் என்னுது. மத்ததெல்லாம் விருந்தாளி மாதிரி வந்துகீது... ஒயரு, ஒயரு, மிதிச்சிடாதீங்க! ஒக்காருங்க. எங்கன்னா... அதானே, எடமே இல்ல. கொழந்த தூளியே சமையக்கட்டுக்குப் பூட்ச்சு.

மாபலிபுரத்துல டூரிஸ்ட் வரத்து நின்னு, எங்க வூட்டுக்காரரு லாட்ஜ் வேல பூட்ச்சே, அப்போ இன்னா சிக்கனம் தெரியுமா? காலி ஷாம்பு பாக்கெட்ட கழுவிக் கழுவி ஊத்துனோம். டீ கிளாஸுக்கு சக்கரைய காட்டிட்டு டப்பாவ மூடிடுவேன். அப்புறம் கவருமெண்டு மொத நிவாரணம் போட்டாங்க பாருங்க... அரிசி வாங்கத்தான் மேடம் கெளம்புனேன், கொழந்த மேல சத்தியமா! புதுப்பட்டினம் பிரிட்ஜு கடைக்காரன் வாசல்ல செண்ட மேளம் வெச்சி, தவணையில தர்றேன்னு கூவிட்டான். அரிசிக்குப் போன அத்தினி பேரும் பிரிட்ஜோட வந்தோம். உள்ள வெக்கத்தான் ஒண்ணுமில்ல. தண்ணி பாட்டில வெச்சி, தொறந்து தொறந்து பாத்துகினு கெடந்தோம்.

இப்போ ரெண்டாவது நிவாரணத்துக்கு நீங்க கணக்கெடுக்க வர்றீங்கன்னதும், பிரிட்ஜு இருந்தா பேரு கட்டாயிடும்னு ஒரு பேச்சு. தெருவே பேஜாராயிடுச்சு! நீங்க ஒவ்வொரு வூடா வர வர, ஷாரோன், சம்பூர்ணம், கன்னியம்மாக்கா, எல்லாம் முன்னாலயே அவங்கவங்க பிரிட்ஜ தூக்கிகினு ஓடியாந்து இங்க எறக்கிட்டாங்க. எங்களுதுதான கடேசி வூடு.

இன்னா மேடம் செல்லுல தட்டுறீங்க?... பிரிட்ஜு கடையா? யாவாரிக்கு நிவாரணம் கெடயாதே! கடை இல்ல மேடம், வூடு! இன்னாது... பிரிட்ஜ நீங்க கணக்கே எடுக்கலியா? அது எனக்குத் தெரியும் மேடம். அந்தப் பேச்ச கெளப்புனதே நாந்தான்!

பின்ன இன்னா? கன்னியம்மாக்கா டபுள் டோர் வாங்கிட்டு, தெருவுல போறவங்கள எல்லாம் கூப்ட்டு தொறந்து காட்டுது. கொஞ்ச நாளு மூடி வெக்கட்டும்னு தண்ணி லாரிகிட்ட கொடத்தோட நிக்கறப்போ சும்மா ஒரு வார்த்த வுட்டேன். அது என் நடுவூட்டுலயே வந்து நிக்கும்னு கண்டனா? வேணான்னு சொன்னா ஏன்னு கேப்பாங்களே!

கடைய அழிச்சிட்டீங்களா? வூடுன்னு போட்டீங்களா? நல்லா இருப்பீங்க மேடம். அப்பாடா, பேரு தப்பிச்சுது... இருங்க, அதுக்குள்ள எங்க கெளம்பிட்டீங்க? செருப்பக் கூட மாட்டாம... எனக்குப் பின்னால இன்னாத்த பாத்தீங்க?

ஆங்... கன்னியம்மாக்கா. டபுள் டோருக்குப் பின்னால எவ்ளோ நேரமா நின்னுகினு கீற?